மூலைவிட்டத்தைப் பிடித்தால் பாதிக் கணக்கு முடிந்தது

ஆயத்தொலை வடிவியலில் எங்கே சிக்குகிறது என்று எழுதச் சொல்லியிருந்தோம். வந்ததில் பெரும்பாலானவை சாய்சதுரத்தைப் பற்றித்தான், அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. முனைகளை ஏ, பி, சி, டி என்றும் அச்சுகளை எக்ஸ், ஒய் என்றும் எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டு வைத்துக்கொண்டு படியுங்கள், வெறுமனே கண்ணால் ஓட்டினால் ஒன்றும் ஒட்டாது.

கேள்வி: ஏ(−1, 0), பி(4, 0), சி(7, 4), டி(2, 4) ஆகியவை வரிசையாக ஒரு சாய்சதுரத்தின் முனைகள் என்று காட்ட வேண்டும். தொலைவு சூத்திரத்தை நாலு தடவை போட்டு நாலு பக்கமும் 5 என்று எழுதிவிட்டேன். மூலைவிட்டமும் போட்டால்தான் முழு மார்க் என்கிறார் டியூஷன் அக்கா. யார் சொல்வது சரி?
– பத்தாம் வகுப்பு மாணவர், பெரம்பூர்

பதில்: தம்பி, நீ போட்டதே போதும். நான்கு பக்கமும் சமமாக இருக்கும் நாற்கரம் சாய்சதுரம், அது வரையறை, அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றும் பாக்கி இல்லை. அக்கா ஏன் மூலைவிட்டம் கேட்கிறார் என்றால், சில கேள்விகளுக்கு 'ஆனால் சதுரம் அல்ல எனவும் காட்டுக' என்று ஒரு வால் இருக்கும். சதுரமும் ஒரு சாய்சதுரம்தான் என்பதால் நாலு பக்கம் சமம் என்பதை வைத்துக்கொண்டு இது சதுரமா இல்லையா என்று சொல்ல முடியாது, அப்போது மூலைவிட்டங்களின் நீளம் வேண்டும். உன் கணக்கில் ஏசி = √80, பிடி = √20, இரண்டும் வேறு, அதனால் சதுரம் இல்லை. கேள்வியில் வால் இல்லையென்றால் இந்த வரியும் வேண்டாம்.

ஆனால் நான் உன் இடத்தில் இருந்தால் தொலைவு சூத்திரத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். நாலு தடவை கழித்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்து என்று போகும்போது எங்காவது ஒரு மைனஸ் நழுவும், நழுவினால் எங்கே நழுவியது என்று தேடவே அஞ்சு நிமிஷம் போய்விடும். மூலைவிட்டத்திலிருந்து ஆரம்பித்துப் பார். ஏசியின் நடுப்புள்ளி: −1-ஐயும் 7-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 3, 0-ஐயும் 4-ஐயும் கூட்டி வகுத்தால் 2, ஆக (3, 2). பிடியின் நடுப்புள்ளி: 4-ம் 2-ம் சேர்ந்து 6, பாதி 3, 0-ம் 4-ம் சேர்ந்து 4, பாதி 2. அதுவும் (3, 2). இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டுகின்றன, அதனால் இது இணைகரம். அப்புறம் சாய்வு. ஏசியின் சாய்வு 4/8, அதாவது 1/2. பிடியின் சாய்வு 4/(−2), அதாவது −2. பெருக்கினால் −1, இரண்டும் செங்குத்து. மூலைவிட்டங்கள் செங்குத்தாக உள்ள இணைகரம் சாய்சதுரம். முடிந்தது, வர்க்கமூலக் குறியே வரவில்லை பார்.

இதில் ஒரு இடத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். ஒரு மூலைவிட்டம் ஒய் அச்சுக்கு இணையாக நின்றால் அதன் சாய்வு வரையறுக்கப்படாதது, அங்கே 'பெருக்கினால் −1' என்று எழுதினால் தப்பு. அந்த மாதிரி நேரத்தில் ஒரு மூலைவிட்டம் நிலைக்குத்து, இன்னொன்று கிடைமட்டம், ஆகவே செங்குத்து என்று வார்த்தையிலேயே எழுதிவிடு.

உன் தம்பி தங்கை ஒன்பதாம் வகுப்பில் இருந்தால் அவர்களுக்கு இந்த வழியை அப்படியே சொல்லித்தராதே. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் சாய்வு பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, பதினொன்றாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு நடு வழி ஒன்று இருக்கிறது: நடுப்புள்ளிகளை வைத்து இணைகரம் என்று காட்டிவிட்டு, ஏபி, பிசி என்ற இரண்டே இரண்டு அடுத்தடுத்த பக்கங்கள் சமம் என்று காட்டினால் போதும். இணைகரத்தில் எதிர்ப்பக்கங்கள் தானாகவே சமம் என்பதால் மற்ற இரண்டையும் கணக்கிடத் தேவையில்லை.

கேள்வி: மூலைவிட்டங்கள் செங்குத்து என்று காட்டினாலே சாய்சதுரம் ஆகிவிடாதா? எதற்கு நடுப்புள்ளி?
– மாணவி, திருவொற்றியூர்

பதில்: ஆகாது. (0, 3), (2, 0), (0, −5), (−2, 0) என்ற நாலு புள்ளிகளையும் வரைந்து பாரும்மா. மூலைவிட்டங்கள் இரண்டும் அச்சுகள் மேலேயே கிடக்கின்றன, அட்டகாசமான செங்கோணம். ஆனால் வந்திருப்பது பட்டம். மேல்பக்கங்கள் √13, கீழ்ப்பக்கங்கள் √29. செங்குத்தும் வேண்டும், சரிபாதியும் வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு நாலு புள்ளி கொடுத்தால் கடகடவென்று பரப்பளவு சூத்திரத்தில் போட்டுவிடுகிறான். போன வாரம் ஒரு கணக்கில் பரப்பு பூஜ்யம் என்று வந்தது. 'அம்மா, கேள்வியே தப்பு' என்கிறான். புள்ளிகள்: (−1, 0), (7, 4), (4, 0), (2, 4). எனக்குக் கணக்கு விட்டுப்போய் ரொம்ப வருஷம் ஆகிறது, ஆனாலும் கேள்வி தப்பு என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.
– இல்லத்தரசி, வேளச்சேரி

பதில்: உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. முதல் கேள்வியில் பார்த்த அதே நாலு புள்ளிகள்தான் இவை, வரிசை மட்டும் கலைந்திருக்கிறது. நாற்கரத்தின் பரப்பு காணும் சூத்திரத்துக்கு (ஒரு எண்ணை அடுத்த வரியின் எண்ணோடு குறுக்கே பெருக்கிக் கூட்டிக் கழிப்போமே, அது) புள்ளிகளைச் சுற்று வரிசையில்தான் கொடுக்க வேண்டும். பேனாவை எடுக்காமல் ஓரத்தோடு நடந்து வருவது போல ஒரு முனை, அதன் பக்கத்து முனை, அதற்குப் பக்கத்து முனை என்று போக வேண்டும். உங்கள் மகன் ஏயிலிருந்து நேரே எதிர்முனைக்குத் தாவிவிட்டான். அப்படிப் போனால் வருவது இரண்டு முக்கோணங்கள் முனையோடு முனை ஒட்டிய ஒரு வடிவம், ஒன்றின் பரப்பு பிளஸ், இன்னொன்றின் பரப்பு மைனஸ். இணைகரத்தில் இந்த இரண்டு முக்கோணமும் எப்போதும் சம அளவு, அதனால் கூட்டினால் பூஜ்யம். எல்லா இணைகரத்துக்கும், அதனால் எல்லா சாய்சதுரத்துக்கும் இது பொருந்தும். பூஜ்யம் வந்தால் கேள்வியைத் திட்டாமல் வரிசையை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரியான வரிசையில் (−1, 0), (4, 0), (7, 4), (2, 4) என்று போட்டால் குறுக்குப் பெருக்கல்கள் 0, 16, 20, 4. கூட்டினால் 40, பாதி 20 சதுர அலகு. சூத்திரமே வேண்டாம் என்றால் அடிப்பக்கம் 5, உயரம் 4, பெருக்கினால் அதே 20.

வரிசை தெரியாமல் நாலு புள்ளி மட்டும் கொடுத்தால் என்ன செய்வது? ஆறு தொலைவையும் கண்டுபிடித்து, ஒத்துப்போகாத இரண்டும் மூலைவிட்டம் என்று சொல்வார்கள். சரியான வழிதான், ஆனால் சுற்று வழி. நான் புள்ளிகளை ஜோடி ஜோடியாகக் கூட்டிப் பார்ப்பேன். (−1, 0)-ஐயும் (7, 4)-ஐயும் கூட்டினால் (6, 4). மீதி இருக்கும் (4, 0)-ஐயும் (2, 4)-ஐயும் கூட்டினாலும் (6, 4). கூட்டுத்தொகை ஒன்றாக வந்த ஜோடிகள்தான் எதிர்முனைகள். நாலு புள்ளியை இரண்டிரண்டாகப் பிரிக்க மூன்று விதம்தான் உண்டு, வாய்க்கணக்கிலேயே முடிந்துவிடும். மூன்றிலும் ஒத்துவரவில்லை என்றால் அது இணைகரமே இல்லை, சாய்சதுரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பரப்பு மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம், கடிகாரம் சுற்றும் திசையில் புள்ளிகளை எடுத்திருக்கிறான் என்று அர்த்தம். குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதலாம்.

கேள்வி: மூன்று முனைகள் (1, 1), (4, 5), (9, 5). சாய்சதுரத்தின் நான்காவது முனை என்ன? ஒருவன் (6, 1) என்கிறான், இன்னொருவன் (12, 9) என்கிறான், எனக்கு (−4, 1) வந்தது. மூன்றும் இணைகரம் ஆகிறதே!
– பத்தாம் வகுப்பு மாணவர், தாம்பரம்

பதில்: மூன்று பேரும் இணைகரம் வரைந்திருக்கிறீர்கள், ஒருவன் மட்டும் சாய்சதுரம் வரைந்திருக்கிறான். மூன்று புள்ளிகளை வைத்து எப்போதும் மூன்று இணைகரங்கள் வரும், எந்தப் புள்ளியை நடு முனையாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். சாய்சதுரம் என்றால் நடு முனையிலிருந்து கிளம்பும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். (4, 5)-இலிருந்து (1, 1)-க்கு 5, (9, 5)-க்கும் 5. (1, 1)-க்கும் (9, 5)-க்கும் நடுவே √80. ஆகவே (4, 5)தான் நடு முனை, மற்ற இரண்டும் எதிர்முனைகள். எதிர்முனைகளைக் கூட்டி நடு முனையைக் கழித்தால் (10 − 4, 6 − 5), அதாவது (6, 1). அந்த முதல் ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

மூன்று தொலைவும் சமமாக இருந்தால் மூன்றுமே சாய்சதுரம் ஆகிவிடுமே என்று உனக்குத் தோன்றலாம். தோன்ற வேண்டும். ஆனால் முனைகள் முழு எண்களாக இருக்கும்வரை அந்தக் கவலை இல்லை. முழு எண் முனைகளை வைத்து சமபக்க முக்கோணம் வரையவே முடியாது, ஏனென்றால் அப்படிப்பட்ட முக்கோணத்தின் பரப்பு ஒரு முழு எண்ணாகவோ அதில் பாதியாகவோதான் வரும், சமபக்க முக்கோணத்தின் பரப்பிலோ √3 வந்து உட்கார்ந்துகொள்ளும், இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் 60 பாகைக் கோணம் உள்ள சாய்சதுரத்தை வரைபடத்தாளின் கட்டங்கள் வெட்டும் புள்ளிகளில் முனை வைத்து எவராலும் வரைய முடியாது. வேண்டுமானால் முயன்று பார், கொஞ்சம் விலகித்தான் நிற்கும்.

கேள்வி: சாய்சதுரத்தின் எதிர்முனைகள் ஏ(1, 1), சி(7, 5). முனை பி ஒய் அச்சின் மேல் உள்ளது. பி, டி, பரப்பு மூன்றையும் காண வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.
– பத்தாம் வகுப்பு மாணவி, கொடுங்கையூர்

பதில்: ஒய் அச்சின் மேல் என்றால் பியின் எக்ஸ் மதிப்பு 0. தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அதைக் 'க' என்று வைத்துக்கொள், பி(0, க). இனி இரண்டு வழி. பிஏ = பிசி என்று வர்க்கத்தில் எழுது: 1 + (க − 1)² = 49 + (க − 5)². விரித்தால் இரண்டு பக்கமும் க² அடிபட்டுப்போய் 8க = 72 மிஞ்சும், க = 9. மூலைவிட்ட வழியில் போனால்: ஏசியின் நடுப்புள்ளி (4, 3), சாய்வு 2/3. அதற்குச் செங்குத்தான பிடியின் சாய்வு −3/2. (4, 3)-இலிருந்து எக்ஸில் 4 பின்னால் போனால் ஒய் அச்சு வந்துவிடும், அப்போது ஒய் 6 ஏறும், 3 + 6 = 9. பி(0, 9).

டிக்கு மறுபடி கணக்கே வேண்டாம். நடுப்புள்ளி (4, 3), அதை இரட்டித்தால் (8, 6), அதிலிருந்து பியைக் கழித்தால் (8, −3). பரப்புக்கு மூலைவிட்டங்களின் பெருக்குத்தொகையில் பாதி: ஏசி = √52, பிடி = √208, அது 2√52. பெருக்கினால் 104, பாதி 52 சதுர அலகு. √52-ஐ தசமமாக மாற்றாதே, மாற்றினால் கடைசியில் 51.98 மாதிரி ஏதாவது வந்து நிற்கும், திருத்துகிறவருக்கும் எரிச்சல்.

கேள்வி: மார்கழியில் வாசலில் கோலம் போடும்போது பேத்தி கேட்டாள், 'பாட்டி, நீ வைக்கிற புள்ளி சாய்சதுரமா, சதுரமா?' நேர்ப்புள்ளி ஏழு வைத்து ஒன்றில் முடிப்பேன், சில நாள் இடைப்புள்ளி நாலு வைத்து இரண்டு பக்கமும் ஒன்றில் முடிப்பேன். அவளுக்கு என்ன சொல்வது?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: அம்மா, இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேர்ப்புள்ளியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வரிசை. நட்ட நடுப் புள்ளியை ஆதிப்புள்ளியாக வைத்து, புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஒரு அலகு என்றால் கோடியில் இருக்கும் நாலு புள்ளிகள் (3, 0), (0, 3), (−3, 0), (0, −3). மூலைவிட்டம் இரண்டும் 6, ஒன்றையொன்று பாதியில் செங்குத்தாக வெட்டுகின்றன, நீளமும் சமம். அதனால் அது சதுரம், சாய்த்து நிறுத்திய சதுரம். பரப்பு 6 × 6-இல் பாதி, 18. மொத்தம் 25 புள்ளிகள்.

இதே 18-ஐப் புள்ளிகளை எண்ணியே கண்டுபிடிக்கலாம் என்று பேத்தியிடம் சொல்லுங்கள், ரசிப்பாள். ஓரத்தில் இருக்கும் புள்ளிகள் 12, உள்ளே இருப்பவை 13. உள்ளே இருப்பதோடு ஓரத்தில் பாதியைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும்: 13 + 6 − 1 = 18. கியோர்க் பிக் என்ற ஆஸ்திரியக் கணிதர் 1899-இல் வெளியிட்ட தேற்றம் இது. முனைகளெல்லாம் இப்படிச் சதுரக் கட்டப் புள்ளிகளில் இருந்து, ஓரம் தன்னையே வெட்டாமல் நடுவில் ஓட்டை இல்லாமல் இருந்தால் எந்தக் கோணல்மாணல் வடிவத்துக்கும் இது பலிக்கும்.

இடைப்புள்ளிக்கு வருவோம். 1, 2, 3, 4, 3, 2, 1, மொத்தம் 16 புள்ளிகள். ஒரு வரிசையின் புள்ளி மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே 2 அலகு என்று வைத்தால் நடு வரிசை −3, −1, 1, 3. கிடை மூலைவிட்டம் 6. மேலே மூன்று வரிசை, கீழே மூன்று வரிசை, ஆக நிலை மூலைவிட்டம் வரிசை இடைவெளியைப் போல் ஆறு மடங்கு. நீங்கள் வரிசைகளை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் எவ்வளவு தள்ளி வைத்தாலும் இரண்டு மூலைவிட்டமும் நடுவில் செங்குத்தாகவே வெட்டும், அதனால் அது எப்போதும் சாய்சதுரம். வரிசைக்கு வரிசை 1 அலகு வைத்தால் மட்டும் சதுரம். 2 அலகு வைத்தால், அதாவது பக்கவாட்டு இடைவெளியையே வரிசைக்கும் வைத்தால், மூலைவிட்டங்கள் 6, 12 என்று உயரமாக நிற்கும். கை பழகியவர்கள் இரண்டுக்கும் நடுவே, ஒன்றே முக்கால் பக்கம் வைப்பார்கள், கணக்கில் அது √3. அப்போது எந்தப் பக்கத்து இரண்டு புள்ளிக்கும் இடைவெளி ஒன்றே, தாம்பரம் தம்பிக்குச் சொன்ன 60 பாகைச் சாய்சதுரம் வந்துவிடும். வரைபடத்தாளில் வராதது உங்கள் வாசலில் வருகிறது, ஏனென்றால் நீங்கள் சதுரக் கட்டத்துக்குக் கட்டுப்படவில்லை.

கேள்வி: பொதுத்தேர்வில் சாய்சதுரக் கணக்குக்கு உதவிப்படம் போட வேண்டுமா? வரைபடத்தாளில் வரைந்து ஸ்கேலால் அளந்து எழுதினால் ஒப்புக்கொள்வார்களா?
– மாணவர், ஆவடி

பதில்: உதவிப்படம் போடு, அரை நிமிஷ வேலை, முனைகள் எந்தக் கால்பகுதியில் விழுகின்றன என்று கண்ணுக்குத் தெரிந்தாலே பாதித் தவறு வராது. அளந்து எழுதுவது நிரூபணம் ஆகாது. வரைபடத்தாளை அந்த 8 மதிப்பெண் கேள்விக்கு வைத்துக்கொள்.

கேள்வி: ஜேஇஇ-க்குப் படிக்கிறேன். சாய்சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்கள் எக்ஸ் அச்சுக்கும் 3எக்ஸ் − 4ஒய் = 0 என்ற கோட்டுக்கும் இணை. ஒரு முனை (1, 1), பக்கம் 5. மற்ற முனைகள்? கோண இருசமவெட்டி சூத்திரம் போட்டு ஒரு பக்கம் நிறைய எழுதினேன், எங்கோ மாட்டிக்கொண்டேன்.
– பிளஸ் டூ மாணவர், கோடம்பாக்கம்

பதில்: சாய்சதுரத்தின் மூலைவிட்டம் முனைக் கோணத்தைச் சமமாகப் பிரிக்கும் என்பதை நினைவில் வைத்திருக்கிறீர்களே, நல்லது. ஆனால் அதற்காக இருசமவெட்டி சூத்திரத்தை இழுக்க வேண்டியதில்லை. பக்கங்களை நடை போல எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் அச்சு வழியாக 5 அலகு நடந்தால் (5, 0). அந்தக் கோட்டின் சாய்வு 3/4, அதன் வழியாக 5 அலகு நடந்தால் (4, 3), 3-4-5 கைவசம் இருக்கிறது. (1, 1)-இலிருந்து முதல் நடை (6, 1)-இல் விடும், இரண்டாவது (5, 4)-இல் விடும், இரண்டையும் சேர்த்து நடந்தால் எதிர்முனை (10, 4). சரிபார்க்க வேண்டுமா? (1, 1) + (10, 4) = (11, 5). (6, 1) + (5, 4) = (11, 5). மூலைவிட்டச் சாய்வுகள் 1/3, −3. நீங்கள் இருசமவெட்டியில் தேடிக்கொண்டிருந்த இரண்டு சாய்வும் இலவசமாக வந்துவிட்டன, பார்த்தீர்களா. பொதுவாகவே இரண்டு பக்கத் திசைகளையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் கூட்டினால் ஒரு மூலைவிட்டத்தின் திசை, கழித்தால் மற்றதன் திசை. நீளத்தைச் சமமாக்காமல் கூட்டுவதுதான் பலர் செய்யும் பிழை. (1, 0)-ஐயும் (4, 3)-ஐயும் கூட்டிவிட்டு அது மூலைவிட்டம் என்று எழுதினால் இணைகரத்தின் மூலைவிட்டம் கிடைக்கும், சாய்சதுரத்தினுடையது கிடைக்காது.

இன்னொன்று, நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி அரைகுறை. எக்ஸ் அச்சு வழியே முன்னாலும் போகலாம், பின்னாலும் போகலாம். சாய்ந்த கோட்டின் வழியாகவும் அப்படியே. அதனால் நாலு சாய்சதுரங்கள் விடையாக வரும். 'எல்லா முனைகளும் முதல் கால்பகுதியில்' என்று ஒரு வரி மூலக் கேள்வியில் இருந்ததா என்று பாருங்கள். அது இருந்தால் நான் சொன்ன ஒன்று மட்டுமே விடை, பின்னால் நடந்த மற்ற மூன்றும் மைனஸுக்குப் போய்விடும்.

கேள்வி: பாடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கார் டயர் மாற்றுகிற கத்தரி ஜாக்கியில் நாலு கை சாய்சதுரமாக இருக்கிறது. ஆரம்பத்தில் சுற்றுவது கஷ்டம், ஏற ஏற லேசாகிறது. வண்டியின் பாரம் ஏற ஏறக் கூடத்தானே வேண்டும்? மகள் படிக்கிற புத்தகத்தில் இதற்கு வழி இருக்கிறதா?
– வாசகர், பாடி

பதில்: இருக்கிறது சார், நன்றாகவே இருக்கிறது. ஜாக்கியின் மேலும் கீழும் ஆணிகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும், அதை இப்போதைக்குக் கண்டுகொள்ளாமல் விட்டால் அது அச்சு அசல் சாய்சதுரம். நடுவில் ஓடும் மரை கிடை மூலைவிட்டம், வண்டி உட்காரும் உயரம் நிலை மூலைவிட்டம். மரையைச் சுற்றினால் பக்கம் மாறாது, மூலைவிட்டங்கள் மட்டும் மாறும். நடுப்புள்ளியை ஆதியாக வைத்தால் முனைகள் (எக்ஸ், 0), (0, ஒய்), அவற்றுக்கு எதிரே மைனஸில் இரண்டு. கையின் நீளம் 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், எக்ஸ்² + ஒய்² = 169.

ஜாக்கி தாழ்ந்திருக்கும்போது எக்ஸ் 12, ஒய் 5. மரை 24 செ.மீ. அகலம், உயரம் 10. எக்ஸை 12-இலிருந்து 11-க்குக் கொண்டுவாருங்கள்: ஒய்² = 169 − 121 = 48, ஒய் ஏறக்குறைய 6.93. எக்ஸில் ஒரு செ.மீ. குறைந்ததற்கு ஒய் கிட்டத்தட்ட 1.93 ஏறிவிட்டது. உயர்ந்த நிலையில் எக்ஸ் 5, ஒய் 12. இங்கே எக்ஸை 4 ஆக்கினால் ஒய்² = 153, ஒய் சுமார் 12.37. அதே ஒரு செ.மீ.க்கு 0.37-தான் ஏறியது. அதே சுற்றுக்கு வண்டி கீழே இருக்கும்போது சரசரவென்று ஏறுகிறது, அதனால் கை வலிக்கிறது. மேலே போன பிறகு இஞ்ச் இஞ்சாக ஏறுகிறது, அதனால் லேசாக இருக்கிறது. பாரம் கூடுகிறதுதான், வண்டியின் ஸ்பிரிங் விரிய விரிய ஜாக்கியின் மேல் எடை ஏறும், ஆனால் இந்த விகித மாற்றம் அதை விழுங்கிவிடுகிறது. மகளிடம் எக்ஸை 13-க்குப் பக்கத்தில் வைத்து இதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். முழுக்க மடங்கிய ஜாக்கியை வண்டிக்கு அடியில் தள்ளி அப்படியே தூக்க முயன்றால் மரை ஏன் திணறுகிறது என்று தெரியும்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு முடிக்கிற மாதிரி இல்லாமல், பிள்ளைகள் ஒரு பீரியட் முழுக்க உருட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு சாய்சதுரக் கணக்கு வேண்டும்.
– ஆசிரியை, கொளத்தூர்

பதில்: ஒரு முனை ஆதிப்புள்ளி, பக்கம் 5, எல்லா முனைகளும் முழு எண்கள். இப்படிப்பட்ட சாய்சதுரங்களுக்கு என்னென்ன பரப்புகள் வர முடியும்? சூத்திரம் தெரிந்தவர்கள் ஒருவேளை 20 என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள், நிறுத்த விடாதீர்கள். ஆதியிலிருந்து 5 அலகு தொலைவில் இருக்கும் முழு எண் புள்ளிகள் 12 இருக்கின்றன, அவற்றைப் பலகையில் குறிக்க வைத்துவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். (4, 3), (−4, 3) ஜோடியை எடுத்தால் எதிர்முனை (0, 6), மூலைவிட்டங்கள் 8, 6, பரப்பு 24. (3, 4), (4, 3) ஜோடியில் எதிர்முனை (7, 7), ஒல்லியான சாய்சதுரம், பரப்பு வெறும் 7. மொத்தம் ஐந்து விதமான பரப்புகள் வரும், அதில் ஒன்று சதுரத்தினுடையது. சுற்று வரிசையை மறந்துவிட்டு பூஜ்யம் என்று ஆறாவதாக ஒன்றைக் கொண்டுவருகிற பிள்ளை கட்டாயம் இருக்கும், வேளச்சேரி அம்மாவுக்கு எழுதிய பதிலை அவருக்குக் காட்டுங்கள்.